திரை அணையவில்லை

அத்தியாயம் பதினான்கு

காலையில் குளியலறையிலிருந்து அந்த முனகல் கேட்கவில்லை.

அண்ணி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஏழு மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் வண்டு பறக்கும். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று குட்டி குரலை ஏற்றுவாள், இறக்குவாள், மறுபடி ஏற்றுவாள். இன்று வண்டைக் காணவில்லை.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் அண்ணி.

அவளை இந்தக் குடியிருப்பில் எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். காவலாளி, மாடி வீட்டுக்காரி, கீழ்த்தள வாத்தியார், அவர் மனைவி எல்லோரும். குட்டி வாயிலிருந்து கிளம்பிய சொல் அது. குட்டி அவளுடைய நாத்தனார். வயது முப்பத்தெட்டு ஆகிறது. கூப்பிடும் பெயர் மட்டும் இன்னும் வளரவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு, இரண்டு பெட்டிகளும் ஒரு மைக்குமாக இந்த வாசலில் வந்து நின்றாள். அன்று அண்ணி சொன்ன வார்த்தை இந்தக் கட்டடத்தில் தெரியாதவர் கிடையாது.

“உள்ள வா. இது உன் வீடு. எத்தனை நாளைக்குன்னு நீயும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன்.”

சொன்னபோது தொண்டை அடைத்தது நிஜம்தான். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைப் பிறர் வாயால் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் இனித்ததும் நிஜம்தான்.

குளியலறைக் கதவு திறந்தது. தோளில் ஈரத்துண்டோடு வந்த குட்டி, சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தாண்டிப் போனாள். தினமும் அந்த நாற்காலியின் முதுகில்தான் துண்டு விழும், கீழே சொட்டும். இன்று பால்கனிக்குப் போய்க் கொடியில் மூலைக்கு மூலை இழுத்துவிட்டு, இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிட்டு வந்தாள்.

“என்ன குட்டி, இன்னைக்கு வண்டு பறக்கல?” என்றான் அண்ணன், ஷூ மாட்டிக்கொண்டே. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்த நேரமும் நகக்கண்ணில் கிரீஸ். “அதைக் கேட்டுத்தான் நான் மணி பார்க்கறதே. இப்ப பஸ் போயிடுச்சுன்னா நீதான் பொறுப்பு.”

“தொண்டை சரியில்லண்ணே.”

“சரியில்லாத தொண்டையா அது? கீழ்த்தளத்துல பேசினா ஏழாவது மாடியில லிஃப்ட் நிக்கும்.”

குட்டி சிரித்தாள். அண்ணி நீட்டிய தேநீரை வாங்காமல் அலமாரிக்குப் போனாள். தினமும் குடிக்கிற நீலக் கோப்பையை எடுப்பாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். குட்டி எடுத்தது மாவு அளக்கிற, விளிம்பு நசுங்கிய டம்ளரை.

“அதுல ஏன் குடிக்கறே? கோப்பை இருக்கே.”

“அது உங்களோடதாச்சே அண்ணி. இதுவே போதும்.”

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் பேசுகிற குரலாக இருந்தது.

அண்ணன் கிளம்பிப் போனான். தோசைக் கல்லையோ பாத்திரத்தையோ தேய்க்கிற மாதிரி அண்ணி மேடையையே தேய்த்துக்கொண்டு நின்றாள். அப்போது துணி அறையிலிருந்து குட்டி மைக்கையும் அதன் தாங்கியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கான பாடங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்புவது குட்டியின் தொழில். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, ஏணியில் எப்படி ஏறுவது என்று எங்கோ இருக்கும் தொழிற்சாலைகளில் இவள் குரல்தான் சொல்லிக்கொடுக்கிறது. எதிரொலி இல்லாத இடம் வேண்டும் என்பதால், அண்ணியின் துணிகள் தொங்குகிற அந்தக் குறுகலான அறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் பேசுவாள்.

“எங்க தூக்கிட்டுப் போறே?”

“என் ரூம்லயே பேசிக்கறேன் அண்ணி. போர்வையைத் தலைவரைக்கும் போர்த்திக்கிட்டா சத்தம் அடங்கிடும்.”

அண்ணியின் கையில் துடைப்புத் துணி நின்றது.

முனகல். துண்டு. கோப்பை. துணி அறை.

இந்த வரிசை அவளுக்குத் தெரியும். இதே வரிசையில்தான் நேற்று மாலை அவள் எழுதியிருந்தாள்.

ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்து மூலையில் கணினி. அண்ணி மூன்று மாதமாக அதில் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அக்கா இருப்பது வேறு ஊரில். தொலைபேசியில் பேசலாம்தான், ஆனால் இந்த வீட்டுச் சுவர்கள் காகிதம். இரண்டு விரலால் தட்டித் தட்டி மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால், அடுத்த வாரம்வரை முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ள முடிந்தது. அதை அவள் ஒரு மருந்து மாதிரி எடுத்துக்கொண்டாள்.

எழுதுவாளே தவிர, எழுதியதை மூடத் தெரியாது அவளுக்கு. தெரியாது என்பதுகூடச் சரியில்லை, தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே கணவன் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் கணினி தானாகத் தூங்கிவிடும். எழுப்பினால், யார் என்று கேட்டு அவரவர் கடவுச்சொல்லைத் தரச்சொல்லும். ஆகவே யாராவது வந்தால் அண்ணி எழுந்து போய்விடுவாள், அவ்வளவுதான். பின்னாலேயே திரை இருண்டுவிடும். தானே சாத்திக்கொண்டு தானே பூட்டிக்கொள்ளும் கதவை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நேற்று எழுதிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டுக்காரி. குழாயில் தண்ணீர் வராத கதையில் ஆரம்பித்து, தன் நாத்தனார் கதைக்கு வந்து, “உங்க மாதிரி மனசு யாருக்கு வரும் அண்ணி!” என்று அவள் முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அண்ணி வாசலில் நின்று, “என்ன பெரிய மனசு, நம்ம வீட்டுப் பொண்ணுதானே” என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ தன் அறையிலிருந்து கூடத்துக்கு நடந்துபோன காலடி கேட்டது. இப்போது அந்தக் காலடி ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. யாரும் எழுப்பாமல், எதுவும் கேட்காமல், இரவு முழுக்க விழித்திருந்த வெளிச்சம். கடிதத்தைக் காணோம். யாரோ அதை அழியாமல் பத்திரப்படுத்தி, அழகாக மூடிவைத்திருந்தார்கள்.

அண்ணி எதையும் மூடுகிறவள் இல்லை.

கணினியின் அமைப்புகளைத் தேடிப் பிடித்துத் திறந்தாள். எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தூங்கவேண்டும் என்ற கேள்விக்கு எதிரே, ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று இருந்தது. யார் மாற்றினார்கள், எதற்கு மாற்றினார்கள் என்றெல்லாம் அவளுக்கு யோசனை ஓடவில்லை. குளிக்கும்போது கதவு திறந்தால் கைக்குக் கிடைத்ததை இழுத்துப் போர்த்திக்கொள்வோமே, அப்படித்தான் செய்தாள். பட்டியலைக் கீழே இழுத்து, இருந்ததிலேயே சின்ன எண்ணை அழுத்தினாள். இரண்டு நிமிடம்.

திரும்பினால் குட்டி நின்றிருந்தாள்.

“அண்ணி, பத்தரை மணிக்கு மேல கம்ப்யூட்டரைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?”

எட்டு மாதத்தில் இவள் கேட்ட முதல் அனுமதி இது.

“இதையெல்லாம் கேட்கணுமா? இது உன்…” என்று ஆரம்பித்தாள் அண்ணி. வீடு என்ற சொல் வெளியே வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு, கடைக்கு ஓடினாள்.

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் அண்ணிக்குப் பதினோரு வருட வேலை. சட்டகம் தேர்ந்துகொடுப்பாள், அதைவிட முக்கியமாக, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து சொல்வாள். அதற்கு ஒரு சிறிய அளவுகோலும் இரண்டு மனிதக் கண்களும் போதும். வாடிக்கையாளருக்கு நேர் எதிரே, ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து, “என் இடது கண்ணைப் பாருங்க… இப்ப வலது கண்ணை” என்று சொல்லிக்கொண்டே, அவர் கண்ணுக்குள் பார்க்கவேண்டும். கண் அசையக்கூடாது. அவருடையதும் சரி, இவளுடையதும் சரி.

அன்று வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அண்ணி அளவுகோலை அவர் மூக்கின் மேல் வைத்தாள். அவர் பார்த்தார். இவள் பார்வை நழுவிற்று.

மறுபடி வைத்தாள். மறுபடி நழுவிற்று.

“ஏம்மா, நான் என்ன கடனா சொல்லிட்டு ஓடினேன்? மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க” என்றார் அவர்.

“தூசி விழுந்திடுச்சுங்க.”

“தூசி எனக்கு விழுந்தா பரவாயில்ல, அம்பது பேரை வச்சிக்கிட்டு ஓட்டறவன். பார்த்து எழுதுங்க.”

எழுதினாள். கடை முதலாளியம்மா சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். “ரெண்டு கண்ணுக்கு நடுவுல எழுபத்தெட்டு மில்லிமீட்டரா? இவர் மனுஷனா, மாடா? உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?”

ஓட்டுநர் ஓவென்று சிரித்தார். அண்ணியும் சிரித்துவைத்தாள். முதலாளியம்மாவே வந்து உட்கார்ந்து அளந்தாள். அண்ணி பின்கட்டுக்குப் போய், தேய்த்து வந்த கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

துடைக்கத் துடைக்க, காலையிலிருந்து அவள் நினைவுக்கு வரவிடாமல் தள்ளிக்கொண்டிருந்த அந்த வரி வந்தே விட்டது.

முனகலும் துண்டும் கோப்பையும் துணி அறையும் சில்லறைக் குறைகள். எந்த வீட்டிலும் எவளும் எவளைப் பற்றியும் சொல்லக்கூடியவை. மன்னிப்புக் கேட்டால் சிரித்துவிடலாம். அவற்றுக்குக் கீழே அவள் ஒன்று எழுதியிருந்தாள். எழுதியபோது விரல் வேகமாகப் போனதும், எழுதி முடித்ததும் ஒரு வக்கிரமான நிம்மதி வந்ததும் அவளுக்கு நினைவிருந்தது.

‘அந்த மனுஷன் ஏன் விட்டுட்டுப் போனான்னு இப்பதான் புரியுது. இவளோட யாரால இருக்க முடியும்?’

குட்டி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி அது. வந்த முதல் வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள், “என்கிட்டதான் ஏதோ இருக்கு போல அண்ணி” என்று சொல்லியிருந்தாள். அப்போது அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “உன்கிட்ட ஒண்ணும் இல்ல, அவனுக்குத்தான் கொடுத்துவைக்கல” என்று சொன்னவளும் இதே அண்ணிதான்.

இரண்டில் எது பொய்? கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள். இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் கூச்சமாக இருந்தது. தோளில் சாய்த்துக்கொண்டபோது மனம் உருகியது. எழுதியபோது மனம் எரிந்தது. ஆனால் ஒன்றை எல்லோரும் பார்க்கச் செய்தாள், மற்றதைக் கதவு சாத்திக்கொண்டு செய்தாள். யாருக்காக நல்லவளாக இருந்தாளோ, அந்த ஒருத்திக்கே இப்போது தெரிந்துவிட்டது. மீதி ஊர் முழுக்க அவளைப் புகழ்ந்து என்ன பிரயோஜனம்?

ஒரு மணிக்குக் கணவன் கூப்பிட்டான். சனிக்கிழமை அவனுக்கு அரை நாள் வேலை, வீட்டிலிருந்துதான் பேசினான்.

“இங்க ஒரே ரகளை. குட்டியோட பாடம் போகல.”

“எங்க போகல?”

“கம்பெனிக்குத்தான்! பன்னிரண்டு மணிக்குள்ள போய்ச் சேரணுமாம். பெரிய பதிவு, ஏற ஒண்ணரை மணி நேரம் ஆகும். இவ பத்தரைக்கு ஏத்தி விட்டுட்டு எங்கயோ வெளிய போயிருக்கா. இந்தச் சனியன் பிடிச்ச மெஷின் ரெண்டாவது நிமிஷமே தூங்கிடுச்சு. தூங்கினா ஏத்தறதும் நின்னுடும்ல? வந்து பார்த்தா நூத்துக்கு மூணுதான் போயிருக்கு.”

அண்ணி சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

“இதுக்காகத்தான் நான் போன வாரமே தூங்கவே தூங்காதேன்னு மாத்தி வச்சேன். உன்கிட்டயும் சொன்னேனே, சாப்பிடும்போது?”

சொல்லியிருப்பான். ‘சரி’ என்று இவளும் சொல்லியிருப்பாள். கணவன் கணினியைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் பேசும்போது, அவள் காதுக்கும் ஒரு தூக்கம் உண்டு.

“அடுத்து பன்னிரண்டு பாடம் இவளுக்குத்தான் வர்றதா இருந்துச்சு. வேற குரலுக்குக் கொடுத்துட்டாங்களாம். யாரும்மா மாத்தினதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. அவளேதான் எதையாவது தட்டித் தொலைச்சிருப்பா. நல்லா நாலு வாங்கு வாங்கினேன்.”

“திட்டினீங்களா?”

“பின்ன? கொஞ்சவா முடியும்?”

நான்தான் என்று சொல்ல வாய் திறந்தது. அதே நேரம் முதலாளியம்மா பின்கட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். “அப்புறம் பேசறேங்க” என்று வைத்துவிட்டாள் அண்ணி. முதலாளியம்மா வந்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டாள். அந்த நிம்மதிக்கும் சேர்த்து அவள் தன்னையே வெறுத்தாள்.

குட்டிக்குத் தெரியும். காலையில் கணினி முன்னால் இவள் உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாளே. என் கணினியைத் தொடாதே என்று அண்ணி சொல்லாமல் சொல்லிவிட்டாள் என்றுதானே அவள் நினைத்திருப்பாள்? நினைத்தும் அண்ணனிடம் சொல்லவில்லை. பேச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

முதலாளியம்மா அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். “வீட்டுல ஏதாச்சுமா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாத மூஞ்சியை நான் பார்த்ததில்லையா? நாலு மணிக்குக் கிளம்பு. இங்க இருந்தா இன்னும் யாரையாவது மாடாக்கிடுவே.”

*

படியில் ஏறும்போதே கணவனின் குரல் கேட்டது.

கதவைத் திறந்தாள். கூடத்தின் நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான். குட்டி சாப்பாட்டு மேசையில், துண்டு மாட்டாத அந்த நாற்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“வா வா, நல்ல நேரத்துல வந்தே. உன் நாத்தனார் நியாயத்தைக் கேளு. காலையில வெளிய போனேன்னாளே, எங்கன்னு நினைக்கறே? ரூம் பார்க்க! தனியா இருக்கப் போறாளாம். பார்த்துட்டு, பேசிட்டு, எல்லாம் முடிச்சிட்டு வந்திருக்கா!”

“முடிக்கலண்ணே. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொல்லியிருக்கேன்.”

“என்னடி யோசனை? இங்க உனக்கு என்ன குறை? நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்ல.”

“உன் அண்ணி ஏதாவது சொன்னாளா?”

குட்டி தலையை நிமிர்த்தவில்லை. “அண்ணி எதுவும் சொல்லல.”

ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அண்ணி எதுவும் சொல்லவில்லைதான்.

“சொல்ல மாட்டா! ஏன்னா அவ மனசு அப்படி. உன்னை ராணி மாதிரி வச்சிருக்கா. அவ துணி அறையைக்கூடக் கொடுத்துட்டு நிக்கறா. ஊர்ல எந்த அண்ணி செய்வா? நீ இப்படிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா, அவளைப் பத்திதானே நாலு பேர் பேசுவாங்க? நன்றின்னு ஒண்ணு வேண்டாமாடி?”

குட்டியின் காது மடல் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

இவன் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு புகழ்ச்சியும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் தலையில் கல்லாக இறங்குகிறது. தடுக்கக்கூடியவள் தான் ஒருத்திதான்.

“கம்ப்யூட்டரை மாத்தினது நான்தாங்க” என்றாள்.

கணவன் திரும்பினான். “நீயா?”

“காலையில. ரெண்டு நிமிஷம்னு வச்சுட்டுப் போயிட்டேன்.”

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு முகம் தளர்ந்தது. “தெரியாமப் பண்ணியிருப்பே. கரண்டு மிச்சமாகும்னு நினைச்சியாக்கும். விடு.” தங்கையைப் பார்த்தான். “பார்த்தியா? தப்புன்னா ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்.”

இதற்கும் பாராட்டு! அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. பாதி உண்மையைச் சொன்னால் முழு நல்லவளாகிவிடலாம். இங்கேயே நின்றுவிட்டால் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். கணவன் சமாதானமாகிவிடுவான். குட்டியும் கடைசிவரை சொல்லமாட்டாள்; திங்களோ செவ்வாயோ பெட்டியை எடுத்துக்கொண்டு, ‘வர்றேன் அண்ணி’ என்று சொல்லிவிட்டு, கண்ணியமாக இறங்கிப் போய்விடுவாள். ஊர் குட்டியைத்தான் பேசும்.

எவ்வளவு சுலபம் என்று பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எழுப்பினாள். கடவுச்சொல் கேட்டது. இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை உள்ளே போனாள். அனுப்பாத கடிதங்களில் அது இருந்தது.

“அண்ணி, வேண்டாம்” என்றாள் குட்டி. அன்றைக்கு அவள் குரலில் முதல்முதலாக உயிர் தெரிந்தது.

“நீங்க உட்காருங்க” என்றாள் அண்ணி கணவனிடம். “எதுக்கு மாத்தினேன்னு சொல்றேன்.”

படித்தாள். ஏற்ற இறக்கமில்லாமல், கடையில் சீட்டைப் படிக்கிற மாதிரி படித்தாள். ‘அக்காவுக்கு, இங்கே எல்லோரும் நலம்’ என்ற பொய்யிலிருந்து ஆரம்பித்தாள். முனகல் மண்டையைத் துளைக்கிறது என்றதைப் படித்தாள். துண்டு. ‘நான் ஆசையா வாங்கின கோப்பை, அதுலகூட அவ வாய்’ என்றதை. ‘என் துணிக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு ஊருக்கெல்லாம் பாடம் சொல்றா, அடுத்தவங்க வீட்டுல எப்படி இருக்கணும்னு ஒரு பாடம் இருந்தா அதை முதல்ல அவ படிக்கட்டும்’ என்றதை. எழுதியபோது இந்த வரியைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

கணவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த வரிக்குப் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

“அந்த மனுஷன் ஏன் விட்டுட்டுப் போனான்னு…” பாதியில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். முழுவதுமாக.

மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

“நீயா எழுதினே?” என்றான் கணவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. லிஃப்டில் தான் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட கம்பி அறுந்ததாக யாரோ வந்து சொன்ன மாதிரிக் கேட்டான்.

“நான்தான்.”

அவன் தங்கையைப் பார்த்தான். “இதைப் படிச்சுட்டுத்தானா நீ… நான் மத்தியானத்துலேருந்து உன்னை…” எழுந்து, போக இடமில்லாமல், மறுபடி உட்கார்ந்தான். “போதும். மூடு அதை.”

“இருங்கண்ணே” என்றாள் குட்டி. “முடிக்கட்டும். இன்னும் ஒரு வரி இருக்கு.”

அண்ணி திரையைப் பார்த்தாள். ஆமாம், இருந்தது. கடைசியில், தனியாக, பாதியில் நின்றுபோன ஒரு வரி. அதை எழுதும்போதுதான் மணி அடித்திருக்கவேண்டும். அவள் அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

“இத்தனைக்கும் அவளை நான்…” என்று படித்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றாள். நேற்று மாலையிலிருந்து முதல் முறையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் ராத்திரியே அழுது முடிச்சுட்டேன் அண்ணி. இந்த வரிதான் தூங்கவிடல. இத்தனைக்கும் அவளை நான்… என்ன எழுத வந்தீங்க?”

அண்ணியின் நாக்கு நுனிக்கு ஒரு நல்ல வாக்கியம் உடனே வந்து நின்றது. பெத்த பொண்ணு மாதிரி நினைச்சேன். தொண்டை அடைக்கிற வாக்கியம். சொன்னால் குட்டி உடைந்து அழுவாள், கணவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான், எல்லாம் கரைந்துவிடும். அந்த வாசலில் சொன்னதற்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது அந்த வாக்கியம். அதனாலேயே அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. ‘வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கக் கூடாது’ என்று எழுத வந்திருந்தால்? அதுவும் இருக்கலாமே. நேற்று மாலை அந்த விரல்கள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன? மனசைப் போட்டுத் துழாவினாள். அங்கே மணிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

“தெரியலம்மா” என்றாள். “சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல.”

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஏதாவது நல்லதாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்பது அவன் பார்வையில் இருந்தது.

குட்டி அழவில்லை. அண்ணியின் கண்களில் எதையோ அளப்பவள் போல, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணியும் பார்வையை நகர்த்தவில்லை. இந்த முறை நழுவக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

“ரூம்காரங்களுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்” என்றாள் குட்டி கடைசியில். “அதுவரைக்கும் யோசிச்சுப் பாருங்க அண்ணி. ஞாபகம் வந்தா, எதுவா இருந்தாலும் அதை எழுதி வைங்க. நான் படிச்சுக்கறேன்.”